சர்க்கரை வியாதியும் புழு நோய்களும்: எது எதை மாற்றுகிறது?

ராமாபுரத்தில் என் கடைக்கு மாலை வேளையில் வருகிறவர்களில் பாதிப்பேர் சாமான் வாங்க வருவார்கள், பாதிப்பேர் சந்தேகம் கேட்க வருவார்கள். நான் படித்த படிப்பு பள்ளியிறுதி வரைதான். கிடைத்ததையெல்லாம் வாசிக்கிற பழக்கம் நாற்பது ஆண்டுகளாக இருப்பதால் "நயினாரைக் கேட்டால் தெரியும்" என்று ஒரு பேர் வந்துவிட்டது. அந்தப் பேருக்காகவே இன்னும் கொஞ்சம் வாசிக்க வேண்டியதாகிறது.

அப்படித்தான் ஒருநாள் நம்மூர்த் தம்பி ஒருவர் வந்தார். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து இங்கே நிலைத்துவிட்டவர். ஊரில் தனியாக இருந்த தகப்பனாரைச் சமீபத்தில்தான் தம்மோடு அழைத்து வந்திருந்தார். பெரியவருக்கு எழுபதை நெருங்கிய வயது. ஆயுளெல்லாம் சேற்றில் வெறுங்காலோடு நின்று உழைத்தவர். பத்து வருஷமாகச் சர்க்கரை, அதோடு இழுப்பும் உண்டு.

"நயினார், எங்கப்பாவுக்கு வயித்துல புழு இருக்குதுன்னு ரிப்போர்ட் வந்திருக்குது. டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்துட்டாரு. ஆனா போன்ல ஒரு செய்தி வந்துச்சு. புழு இருந்தா சுகர் ஏறாதாம், புழுவைக் கொன்னா சுகர் ஏறிடுமாம். மாத்திரையைக் குடுக்கலாமா, வேணாமா?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு தேடி வாசித்தபோது சிரிப்பு நின்றது. அந்தச் செய்தியில் ஒரு பங்கு உண்மை இருந்தது. அரைகுறை உண்மை முழுப்பொய்யைவிட ஆபத்தானது. ஆகவே இந்த மலரில் அந்த விஷயத்தை முழுதுமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நம் குடும்பங்களில் பெரும்பாலோர் வீட்டில் ஒரு சர்க்கரை நோயாளி உண்டு. ஊரிலிருந்து வந்து போகிற தாய் தகப்பனும் உண்டு. இது அவர்களுக்கான சேதி.

ஒட்டுண்ணி என்றால் யார்?

நாம் பேச்சில் எல்லாவற்றையும் "பூச்சி" என்று சொல்லிவிடுகிறோம். குழந்தை பல்லைக் கடித்தால் பூச்சி, பசிக்காவிட்டால் பூச்சி. மருத்துவ நூலோர் இவற்றைப் பிரித்துச் சொல்வார்கள். குடலில் வாழும் புழுக்கள் ஒரு கூட்டம்: உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு, கீரிப்பூச்சி முதலியன. இவற்றோடு 'ஸ்ட்ராங்கிலாய்டஸ்' என்று ஒரு நூல் போன்ற புழுவும் உண்டு. கொக்கிப்புழுவைப் போலவே அதுவும் ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே வரும். ஆனால் மற்ற புழுக்களுக்கு இல்லாத ஒரு வித்தை அதற்கு உண்டு. உடம்புக்குள்ளேயே தன் வம்சத்தைப் பெருக்கிக்கொண்டு, வெளியே போகாமல், பல பத்தாண்டுகள் தங்கிவிடும். இளமையில் வயலில் ஏறிய புழு முதுமையில் நகரத்து மாடிவீட்டிலும் உடன் இருக்கலாம்.

இரண்டாவது கூட்டம் நிணநீர்க் குழாய்களில் வாழ்வது. யானைக்கால் நோயைத் தருகிற பைலேரியாப் புழு இவ்வகை. கொசு வழியாகப் பரவும். அதன் குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்தில் நடமாடும். அதனால்தான் அந்தக் காலத்தில் இரவு நேரத்தில் வீடு வீடாக வந்து விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். மூன்றாவது கூட்டம் கண்ணுக்குத் தெரியாத ஓரணு உயிர்கள். மலேரியாக் கிருமியும் சீதபேதி தரும் அமீபாவும் இதில் சேரும்.

இந்த மூன்று கூட்டமும் பருத்த உடம்பிலும் சர்க்கரை உடம்பிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. இந்தக் கட்டுரையின் சாரமே இதுதான்.

கொழுப்பு சும்மா இருப்பதில்லை

முன்பெல்லாம் உடம்பிலுள்ள கொழுப்பை ஒரு கிடங்கு என்றே எண்ணினார்கள். மிஞ்சியதைப் போட்டு வைக்கிற குதிர் மாதிரி. 1994-இல் அமெரிக்காவின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் 'லெப்டின்' என்ற சுரப்பைக் கண்டுபிடித்தபின் அந்த எண்ணம் மாறிப்போனது. கொழுப்புத் திசுவே அந்தச் சுரப்பை இரத்தத்தில் விடுகிறது. பசி அடங்கியதென்று மூளைக்குச் சொல்வது அதன் ஒரு வேலை. நோய் எதிர்ப்பு அணுக்களுக்குக் கட்டளை கொடுப்பது இன்னொரு வேலை. ஆக, கொழுப்பு என்பது குதிர் மட்டுமல்ல, உத்தரவு போடுகிற அலுவலகமும்கூட.

உடம்பின் காவலைப் பொதுவாக இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, பாக்டீரியா போன்ற சிறு கிருமிகளைச் சுட்டெரிக்கிற காவல். இது வேலை செய்யும்போது அழற்சி உண்டாகும். இரண்டாம் வகை, புழுக்களைச் சமாளிக்கிற காவல். இதில் முக்கியமான அணுதான் நம்மவர்கள் இழுப்பு வந்தால் பரிசோதனைச் சீட்டில் பார்க்கிற ஈசினோபில்.

ஒல்லியான உடம்பில் கொழுப்புத் திசுவுக்குள் இந்த இரண்டாம் வகைக் காவலர்கள் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். உடல் பருக்கப் பருக்க முதல் வகைக் காவலர்கள் அங்கே குடியேறி, ஓயாத நெருப்பாகக் கனன்று கொண்டிருக்கிறார்கள். அந்தக் கனலால் இன்சுலினின் பேச்சை உடம்பு கேட்க மறுக்கிறது. இதுதான் இன்சுலின் எதிர்ப்பு. சர்க்கரை வியாதியின் முதற்படி இது.

2011-இல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் எலிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி ஒன்று இதை நன்றாகக் காட்டியது. ஈசினோபில் இல்லாத எலிக்குக் கொழுப்புத் தீனி போட்டால் அது அதிகம் பருத்தது, சர்க்கரையும் கெட்டது. குடற்புழு ஏற்றிய எலியில் ஈசினோபில் பெருகி, சர்க்கரை நிலை சீர்பட்டது. புழு வந்தால் இரண்டாம் வகைக் காவல் எழும், அது எழுந்தால் அழற்சியின் கனல் தணியும். போன் செய்தியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

சென்னையில் கண்டது

எலிக்கு நடப்பது மனிதனுக்கு நடக்குமா? இதற்கு உலகமே எடுத்துக்காட்டுகிற ஆராய்ச்சி நம் சென்னையில் நடந்திருக்கிறது. டாக்டர் வி. மோகன் தலைமையில் 2001-இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற, கிராமப்புற நோய்க் கணக்கெடுப்பில் சென்னை மாநகராட்சியின் 46 வட்டங்களிலிருந்து 26,001 பேரைப் பார்த்தார்கள். அந்தக் கணக்கெடுப்பைச் சேர்ந்த 1,416 பேரின் இரத்தத்தில் யானைக்கால் புழுவின் அடையாளம் உண்டா என்று அரவிந்தன், சுபாஷ் பாபு முதலியோர் தேடினார்கள். முடிவு 2010-இல் வெளிவந்தது.

சர்க்கரை இல்லாதவர்களில் 10.4 சதவீதம் பேருக்குப் புழுவின் அடையாளம் இருந்தது. சர்க்கரையின் வாசற்படியில் நின்றவர்களில் 9.1 சதவீதம். புதிதாகச் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 5.7 சதவீதம். ஏற்கனவே மருந்து சாப்பிடுகிற சர்க்கரைக்காரர்களில் 4.3 சதவீதம்தான். படிப்படியாக இறங்கிக்கொண்டே போகிறது பாருங்கள். அதுமட்டுமல்ல, சர்க்கரையும் புழுவும் சேர்ந்து இருந்தவர்களின் இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் பொருள்கள், புழு இல்லாத சர்க்கரைக்காரர்களைவிடக் குறைவாக இருந்தன.

இதைப் பார்த்தவுடன் "புழு சர்க்கரையைத் தடுக்கிறது" என்று முடிவு கட்டத் தோன்றும். ஆராய்ச்சியாளர்களும் அந்தப் பக்கம்தான் விரல் நீட்டுகிறார்கள். ஆனால் நான் வியாபாரி. ஒருநாள் இருப்புக் கணக்கை மட்டும் பார்த்து எந்தச் சரக்கு முதலில் வந்தது என்று சொல்ல முடியாது. இந்த ஆராய்ச்சியும் ஒருநாள் இருப்புக் கணக்குத்தான். புழு இருந்ததால் சர்க்கரை வராமல் போனதா? சர்க்கரை வந்ததால் உடம்பின் காவல் மாறி, புழு தங்க முடியாமல் போனதா? அல்லது கொசுக்கடி படாத வீட்டில் வசதியாக உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை வந்து, சாக்கடை ஓரத்தில் உழைத்தவர்களுக்குப் புழு வந்ததா? மூன்றுக்கும் இடம் உண்டு.

கீழ்பெண்ணாத்தூர்க் கணக்கு

எது முன், எது பின் என்று தெரிய ஒரு வழி, புழுவுக்கு மருந்து கொடுத்துவிட்டுப் பிறகு என்ன மாறுகிறது என்று பார்ப்பது. அதையும் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் இயங்கும் சுபாஷ் பாபு, அனுராதா ராஜமாணிக்கம் குழுவினரே செய்தார்கள். இவர்கள் ஆட்களைச் சேர்த்த ஊர் திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்பெண்ணாத்தூர்ப் பகுதி. என் கடைக்கு வந்த தம்பிக்கு அந்தப் பேரைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "எங்கூருக்குப் பக்கமாச்சே!" என்றார்.

2019-இல் வெளிவந்த அவர்கள் ஆராய்ச்சியில், சர்க்கரையோடு ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழுவும் இருந்தவர்களையும், சர்க்கரை மட்டும் இருந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். புழுவும் சேர்ந்து இருந்தவர்களின் இரத்தத்தில் இன்சுலின், குளுககான் முதலிய சுரப்புகளும் அழற்சிப் பொருள்களும் குறைவாக இருந்தன. புழு மருந்து கொடுத்தபின் அந்த மாற்றங்கள் பெரும்பாலும் திரும்பிவிட்டன. அதாவது புழு போனதும் உடம்பு சர்க்கரைக்காரனின் பழைய நிலைக்கே சாய்ந்தது. 2020-இல் சர்க்கரை இல்லாத பருத்த உடம்புக்காரர்களிடம் பார்த்தபோதும் இதே போக்குத்தான் தெரிந்தது.

இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் தீவில் இன்னும் பெரிய சோதனை நடந்தது. வீடு வீடாகச் சீட்டுப் போட்டுப் பிரித்து, சில வீடுகளுக்குப் புழு மாத்திரையும் சில வீடுகளுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். 2017-இல் வந்த முடிவு இது: ஊர் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் மாத்திரையால் இன்சுலின் எதிர்ப்பில் மாற்றம் இல்லை. உண்மையிலேயே புழு இருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால், புழு போனபின் அவர்களுக்கு இன்சுலின் எதிர்ப்பு கூடியிருந்தது.

ஆகவே போன் செய்தி சொன்னதில் ஒரு பங்கு உண்மை என்று நான் ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்தச் செய்தி சொல்லாமல் விட்ட மறுபக்கம் ஒன்று இருக்கிறது.

சர்க்கரைக்காரரின் புழு

ஆஸ்திரேலியாவில் தொலைதூரத்துப் பழங்குடி மக்களிடையே ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழு அதிகம், சர்க்கரையும் அதிகம். அங்கே 2015-இல் வெளிவந்த ஆராய்ச்சிகள் இரண்டு. முதலாவது, புழு இருந்தவர்களுக்குச் சர்க்கரை வியாதி இருக்கும் வாய்ப்பு 61 சதவீதம் குறைவு என்றது. போன் செய்திக்காரர்கள் இதைத்தான் எடுத்து ஓடுகிறார்கள். இரண்டாவதை யாரும் சொல்வதில்லை. புழுவுக்கு ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்தபோது, சர்க்கரைக்காரர்களிடம் அந்தச் சிகிச்சை தோற்பது மற்றவர்களைவிட அதிகம் என்று அது கண்டது. புழு அவர்களிடம் இலேசில் போக மறுக்கிறது. சர்க்கரைக்காரருக்கு மாத்திரை கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருக்கக்கூடாது, மறுபரிசோதனை வேண்டும் என்பது இதன் பொருள்.

இந்தப் புழுவில் இன்னொரு பயங்கரமும் உண்டு. இழுப்புக்கும் மூட்டுவலிக்கும் ஸ்டீராய்டு மருந்து கொடுக்கிறார்கள். ஸ்டீராய்டு உடம்பின் காவலைப் படுக்க வைத்துவிடும். அப்போது இத்தனை காலமும் அடங்கிக் கிடந்த ஸ்ட்ராங்கிலாய்டஸ் கட்டவிழ்ந்து பெருகிக் குடலைத் துளைத்து, நுரையீரல் முதல் மூளை வரை பரவி ஆளையே கொன்றுவிடலாம். 2020-இல் கோவிட் நோய்க்கு டெக்சாமெதசோன் கொடுக்கத் தொடங்கியபோது இந்த ஆபத்தைக் குறித்து மருத்துவ உலகம் எச்சரித்தது. ஸ்டீராய்டு சர்க்கரையையும் ஏற்றும். ஆக, சர்க்கரையும் இழுப்பும் உள்ள பழைய விவசாயிக்கு, புழு இருப்பது தெரியாமலே ஸ்டீராய்டு கொடுத்தால் இரண்டு பக்கமும் அடி.

தம்பியின் தகப்பனாருக்கு இழுப்பு உண்டு என்றேன் அல்லவா? அவருக்கு வீரியமான ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பிக்கும் முன்பு, மருத்துவர் "பெரியவரே, செருப்பில்லாம வயல்ல வேலை செஞ்சிருக்கீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டாராம். அந்த ஒரு கேள்வியால்தான் பரிசோதனை நடந்தது, புழு தெரிந்தது. அந்தப் புழுவைத்தான் மகன் சர்க்கரைக்குக் காவலாக வைத்துக்கொள்ள நினைத்தார்.

மலேரியாவும் அமீபாவும்

குடற்புழு, யானைக்கால் புழு கதை அப்படியென்றால் ஓரணு ஒட்டுண்ணிகளின் கதை நேர்மாறு. இங்கே சர்க்கரை வியாதியால் பாதுகாப்பு ஏதும் இல்லை, கேடுதான். ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் குமாசி நகரத்தில் ஏறக்குறைய 1,500 பேரைப் பார்த்து 2010-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சர்க்கரைக்காரர்களுக்கு மலேரியாக் கிருமி தொற்றியிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 46 சதவீதம் கூடுதலாக இருந்தது. இரத்தத்தில் சர்க்கரை ஏற ஏற அந்த வாய்ப்பும் ஏறியது. கிருமிக்குத் தீனி குளுக்கோஸ்தான் என்பதும், சர்க்கரைக்காரரின் காவல் தளர்ந்திருப்பதும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

ஸ்வீடன் நாட்டில் வெளியூர்ப் பயணத்தில் மலேரியா பிடித்துத் திரும்பியவர்களின் கணக்கைப் பார்த்து 2017-இல் ஒரு முடிவு சொன்னார்கள். உடல் பருத்தவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் அது கடுமையான மலேரியாவாக மாறும் ஆபத்து அதிகம். வேலை நிமித்தம் ஆப்பிரிக்கா போகிற நம் பிள்ளைகளும், வட இந்தியக் காட்டுப் பகுதிகளில் திட்டப்பணி பார்க்கிறவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். "எனக்கு உடம்பு நல்லா இருக்குது, கொஞ்சம் சதைதான்" என்று அலட்சியம் வேண்டாம்.

அமீபா விஷயத்தில் முன்னே சொன்ன லெப்டின் மறுபடி வருகிறது. டாக்கா நகரத்து மீர்ப்பூரில் ஏழைக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியாளர்கள், லெப்டினின் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் பிறவியிலேயே ஒரு சிறு எழுத்து மாற்றம் இருந்த குழந்தைகளுக்கு அமீபா தொற்று ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகம் வருவதை 2011-இல் அறிவித்தார்கள். கொழுப்பு அனுப்புகிற சேதி குடலின் சுவருக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தால்தான் அந்தச் சுவர் அமீபாவைத் தாங்கும். மிகவும் மெலிந்த குழந்தைக்கு லெப்டின் போதாது. மிகவும் பருத்த உடம்பில் லெப்டின் நிறைய இருந்தும் அதன் பேச்சை உடம்பு கேட்பதில்லை. இரண்டு கோடியிலும் கேடு.

எல்லாவற்றையும் ஒரே விதியில் அடக்கவும் முடியாது. 2023-இல் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் எலிக்குக் கொழுப்புத் தீனி கொடுத்தபோது, அது சாட்டைப்புழுவை வழக்கத்தைவிட நன்றாகத் துரத்தியதைக் கண்டு வியந்தார்கள். ஆகவே "குண்டாக இருந்தால் புழு வரும்" என்றோ "வராது" என்றோ ஒரே வரியில் சொல்கிற எவரையும் நம்பாதீர்கள். எந்தப் புழு, எந்த உடம்பு, எந்த நிலை என்று கேளுங்கள்.

பரிசோதனைச் சீட்டில் ஒரு பொறி

சர்க்கரைக்காரர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிற எச்பிஏ1சி பரிசோதனை எல்லாருக்கும் தெரியும். இரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை அது அளக்கிறது. அந்தச் சிவப்பணுவையே புழுவும் கிருமியும் தொடுகின்றன. கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சி இரும்புச்சத்துக் குறைந்த சோகையை உண்டாக்கும். அந்தச் சோகையில் எண் பொய்யாக ஏறிக் காட்டலாம். மலேரியா சிவப்பணுக்களை உடைத்துத் தள்ளும். அப்போது எண் பொய்யாக இறங்கிக் காட்டலாம். தராசுத் தட்டில் புளி ஒட்டியிருந்தால் எடை தவறுவது போலத்தான். சோகை இருக்கிற சர்க்கரைக்காரர், விரலில் குத்திப் பார்க்கிற சர்க்கரையும் அந்த எண்ணும் பொருந்துகின்றனவா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கொல்லலாமா என்ற கேள்வி

நான் சமணன். இந்தத் தலைப்பை எடுத்ததும் எங்கள் உறவினர் ஒருவர், "ஜீவ இம்சையைப் பற்றியா எழுதப் போகிறீர்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் நூல் வழக்கில் புழு ஈரறிவு உயிர். தொடுதலும் சுவையும் அறிவது. அதைக் கொல்வது மகிழ்ச்சியான காரியம் இல்லை. ஆனால் இல்லறத்தான் நோய்க்கு மருந்து உண்பதை நம் பெரியோர் விலக்கவில்லை என்பதே நான் அறிந்தது. அதைவிட முக்கியம், புழு உள்ளே வராமலே பார்த்துக்கொண்டால் கொல்லவேண்டிய தேவையே வராது.

துணியில் வடிகட்டிய நீரையே குடிக்க வேண்டும் என்ற எங்கள் வழக்கத்தைப் பிள்ளைகள் பழைய பஞ்சாங்கம் என்று சிரிப்பதுண்டு. இந்தியாவில் நரம்புச் சிலந்தி நோய் ஒழிந்ததற்கு அந்த வடிகட்டும் துணியும் ஒரு பெரிய காரணம். அந்தப் புழுவைச் சுமக்கும் சின்னஞ்சிறு நீர்ப்பூச்சி துணியில் தங்கிவிடும். கடைசி நோயாளி 1996-இல் ராஜஸ்தானில். 2000-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியா விடுபட்டதென்று சான்று கொடுத்தது. அந்த நோய்க்குத் தடுப்பூசியோ புழுவைக் கொல்லும் மருந்தோ கிடையாது. வராமல் தடுத்தே ஒழித்தார்கள்.

சரி, என்ன செய்வது?

தம்பிக்கு நான் சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். மருந்தை மருத்துவரே சொல்ல வேண்டும். ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்து போவது நல்லது.

முதலாவது, புழு மருந்தை நிறுத்தாதீர்கள். குழந்தைகளுக்குப் புழு என்றால் சோகை, வளர்ச்சிக் குறைவு. பெரியவர்க்கு யானைக்கால் என்றால் ஆயுள் முழுதும் வீக்கம். சர்க்கரைக்கு மாத்திரையும் நடையும் உண்டு. யானைக்கால் வீங்கியபின் பழைய காலைத் திரும்பப் பெற வழியில்லை. 2015 முதல் அரசு நடத்தும் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். பிள்ளைகளை அன்று பள்ளிக்கு அனுப்புங்கள்.

இரண்டாவது, யானைக்கால் நோய் உள்ள மாவட்டங்களில் 2004 முதல் ஊர் முழுவதற்கும் மருந்து கொடுக்கிறார்கள். 2027-க்குள் ஒழிப்பதென்பது நாட்டின் இலக்கு. "எனக்குச் சுகர், பி.பி. இருக்குது, எனக்கு வேணாம்" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இதற்குத் தடையல்ல. கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கடும் நோயில் படுத்திருப்பவர்கள்தான் விலக்கு.

மூன்றாவது, ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்கு ஸ்டீராய்டு ஆரம்பிக்கும்போது, வெறுங்காலில் வயல்வேலை செய்தவர் என்பதை நீங்களே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்ட்ராங்கிலாய்டஸ் சாதாரண மலப் பரிசோதனையில் பலமுறை தப்பிவிடும். ஒரே ஒரு அல்பெண்டசோல் மாத்திரையிலும் அது சரியாகப் போவதில்லை. அதற்கு மருந்து வேறு, அளவு உடல் எடையைப் பொறுத்தது. அதனால் பருத்தவர்கள் கூச்சப்படாமல் எடைமேடையில் ஏறிவிட வேண்டும்.

நான்காவது, இதுதான் கட்டுரையின் மையம்: புழு போகிறபோது, அது இத்தனை நாள் தணித்து வைத்திருந்த கனல் எழலாம். ஆகவே புழு மருந்து சாப்பிட்ட சர்க்கரைக்காரர் அடுத்த சில மாதங்கள் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும். பருத்தவர் எடையையும் இடுப்பையும் பார்க்க வேண்டும். இந்தியருக்கு ஆணானால் 90 சென்டிமீட்டர், பெண்ணானால் 80 சென்டிமீட்டர், அதற்கு மேல் இடுப்பு போனால் எச்சரிக்கை. புழு செய்து வந்த வேலையை இனி நடையும் அளவான சாப்பாடும் செய்ய வேண்டும்.

இதை ஒரு குடும்பத்துக்கு மட்டுமான விஷயம் என்று எண்ண வேண்டாம். இந்தியாவில் சர்க்கரை உள்ளவர்கள் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆதரித்த கணக்கெடுப்பு 2023-இல் சொன்னது. புழுவை ஒழித்துக்கொண்டே வந்த அதே தலைமுறையில்தான் இந்தப் பெருக்கமும் நடந்திருக்கிறது. புழு ஒழிந்ததால்தான் என்று சொல்ல முடியாது. பாலிஷ் அரிசியும், எண்ணெய்ப் பலகாரமும், உட்கார்ந்த வேலையும் போதாதா? ஆனால் வெறுங்காலில் உழைத்த தகப்பன் உடம்பையும், நாற்காலியில் உட்கார்ந்த மகன் உடம்பையும் ஒரே கண்ணால் பார்க்கக்கூடாது என்பது மட்டும் நிச்சயம்.

பெரியவர் மாத்திரை சாப்பிட்டார். மறுபரிசோதனையில் புழு இல்லை. இரண்டு மாதத்தில் பசி கூடியது, எடை மூன்று கிலோ ஏறியது, காலைச் சர்க்கரையும் கொஞ்சம் ஏறியது. எதிர்பார்த்து இருந்ததால் மருத்துவர் மாத்திரை அளவைத் திருத்தினார். ஒருவர் கதையை வைத்து விதி சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இப்போது மாலையில் அவர் என் கடை வரை நடந்து வருகிறார், காலில் செருப்போடு. "என்ன நயினார், புழுவும் போச்சு, பொழுதும் போவலையே" என்று சிரித்துவிட்டு, அரைக்கிலோ கேழ்வரகு வாங்கிக்கொண்டு திரும்பி நடக்கிறார்.